கல்லில் பாயும் குதிரை, கம்பளியில் ஏன் இல்லை?

இன்னைக்கு எபிசோட் ஒரு போர்வையில ஆரம்பிக்குது.

மார்கழி மாசம், வைகுண்ட ஏகாதசி சமயம். விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே ஒண்ணாம் நம்பர் பஸ் பிடிச்சு ஸ்ரீரங்கம் போய் இறங்கினேன். நல்ல பனி. வெள்ளை கோபுரம் பக்கம், சேஷராயர் மண்டபத்துக்கு வெளிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுக்கக் கருப்புக் கம்பளி. சொரசொரன்னு, கனமா, ஆட்டு வாசனை போகாத பழைய கம்பளி. அவர் தலைக்கு மேல முன்னங்கால் ரெண்டையும் தூக்கிப் பாயற ஒரு கல் குதிரை. அது மேல ஒரு வீரன், கையில ஈட்டி, கீழ ஒரு புலி.

மேல இவ்வளவு வேலைப்பாடு. கீழ ஒரு கோடு கூட இல்லாத கருப்புத் துணி. அப்பதான் இந்தக் கேள்வி வந்தது. உலகத்துல பல இடங்கள்ல கம்பளியில நெய்யற உருவம்னா மானும் குதிரையும் குதிரை வீரனும்தான். நம்ம ஊர்ல குதிரை வீரன் கல்லுல இருக்கான், ஆனா கம்பளியில ஏன் இல்லை?

முதல்ல அந்தக் கல்லைப் பார்ப்போம்

சேஷராயர் மண்டபம் கோயிலோட நாலாவது சுற்றுல, கிழக்குப் பக்கம் இருக்கு. 16ஆம் நூற்றாண்டு, விஜயநகர – நாயக்கர் காலத்து வேலை. நிறைய பேர் ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்துட்டு, இதுக்கு முன்னாடி ஒரு செல்ஃபி எடுத்துட்டுப் போயிடுவாங்க. அடுத்த தடவை போனா, அஞ்சு நிமிஷம் ஒரே ஒரு தூணுக்கு முன்னாடி நில்லுங்க. கடிவாளம், வார், சேணம், கழுத்து அலங்காரம்னு குதிரைக்குப் போட்டிருக்கிற ஒவ்வொரு பொருளையும் சிற்பி விடாம செதுக்கியிருக்கார். தோலும் துணியும் செய்யற வேலையை கருங்கல்லுல செஞ்சு காட்டியிருக்கார்.

அந்தக் குதிரை உள்ளூர்க் குதிரை இல்லை. கப்பல்ல வந்தது. விஜயநகரத்துக்கு வந்து போன ஃபெர்னாவோ நூனிஸ்ங்கிற போர்த்துகீசியர், 1530கள்ல, ராஜா வருஷத்துக்கு 13,000 ஹோர்மூஸ் குதிரைகள் வாங்கினதா எழுதியிருக்கார். நூனிஸே குதிரை வியாபாரிதான், அதனால இது அவருக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம். அதுக்கும் 200 வருஷத்துக்கு மேல முன்னாடி, பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவும் இதையேதான் சொல்றார்: ராஜாக்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல குதிரை வாங்கறாங்க, வளர்க்கத் தெரியாததால பெரும்பாலானது செத்துப் போகுது, மறுபடி வாங்கறாங்க.

அதாவது, குதிரை நமக்கு ஒரு இறக்குமதிப் பொருள். விலை அதிகம், ஆயுசு கம்மி. இதை மனசுல வெச்சுக்கங்க. கடைசியில தேவைப்படும்.

அதே நூற்றாண்டு, அதே காட்சி, வேற பொருள்

இந்தக் குதிரைகள்ல ஒரு பெரிய பங்கு எந்தப் பக்கத்துலேர்ந்து கப்பல் ஏறிச்சோ, அந்தப் பாரசீகத்துக்கு இப்ப போவோம்.

இத்தாலியில, மிலான் நகரத்துல போல்டி பெட்சோலின்னு ஒரு அருங்காட்சியகம் இருக்கு. அங்க ஒரு பாரசீகக் கம்பளம். அது முழுக்க வேட்டை. குதிரை மேல வீரர்கள், சிங்கம், மான், துரத்தல், பாய்ச்சல். நெய்தவர் பேரும் வருஷமும் அதுலயே இருக்கு: கியாசுதீன் ஜாமி. வருஷத்துல ஒரு இலக்கத்தைப் படிக்கறதுல சிக்கல் இருக்கறதால 1542–43ன்னும் சொல்றாங்க, 1522–23ன்னும் சொல்றாங்க. எதுவா இருந்தாலும் 16ஆம் நூற்றாண்டுதான். நம்ம சேஷராயர் மண்டபத்தோட நூற்றாண்டு.

அங்க ஒருத்தர் குதிரை வீரன் மிருகத்தைக் குத்தற காட்சியைக் கம்பளி முடிச்சுல போடறார். இங்க ஒருத்தர் கிட்டத்தட்ட அதே காட்சியைக் கருங்கல்லுல செதுக்கறார். ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது.

சரி, கம்பளியில குதிரை வீரனை நெய்யற பழக்கம் எவ்வளவு பழசு? இதுக்குப் பதில் ஒரு பனிக்கட்டிக்குள்ள கிடைச்சது.

பாஸிரிக்: திருடன் காப்பாத்திக் கொடுத்த கம்பளம்

1949. தெற்கு சைபீரியாவோட அல்தாய் மலைகள். பாஸிரிக்ங்கிற இடத்துல செர்கேய் ருதென்கோங்கிற தொல்லியலாளர் ஐந்தாவது மேட்டைத் தோண்டறார். அது குதிரை மேய்ச்சல் கூட்டத்தோட தலைவர் ஒருத்தரைப் புதைச்ச இடம்.

உள்ள போனா, பழங்காலத்துலயே திருடங்க புகுந்து தங்கத்தை எல்லாம் எடுத்துட்டுப் போயிருக்காங்க. அவங்க போட்ட ஓட்டை வழியா தண்ணி இறங்கி, உறைஞ்சு, பனிக்கட்டியா மாறிடுச்சு. திருடங்க மதிப்பில்லைன்னு விட்டுப் போன எல்லாம் அந்தப் பனிக்கட்டிக்குள்ள கெடாம இருந்திருக்கு. அதுல ஒண்ணுதான் இன்னைக்கு வரைக்கும் முழுசாக் கிடைச்சதுலயே ரொம்பப் பழமையான முடிச்சுக் கம்பளம். பொதுவா கிமு 5 – 4ஆம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. இப்ப செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்துல இருக்கு.

கிட்டத்தட்ட 2 மீட்டருக்கு 1.83 மீட்டர். ஒரு டபுள் காட் கட்டிலை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். நடுவுல 24 கட்டங்கள். ஒரு ஓரத்துல 24 மான்கள் வரிசையா நடக்குது. இன்னொரு ஓரத்துல 28 குதிரை வீரர்கள். ஒருத்தர் குதிரை மேல, அடுத்தவர் இறங்கிக் குதிரை பக்கத்துல நடந்து போறார், மறுபடி ஒருத்தர் மேல. இப்படியே சுத்தி வருது. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்தக் குட்டிக் குதிரைகளோட முதுகுலயும் ஒரு விரிப்பு போட்டு வரைஞ்சிருக்காங்க. கம்பளத்துக்குள்ள இன்னொரு துணி.

இப்ப ஒரு கணக்கு. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரத்துல சுமார் 3,600 முடிச்சு. பிக்சல் மாதிரி நினைச்சுக்கங்க, 60க்கு 60. ஒவ்வொரு பிக்சலையும் ஒருத்தர் விரலால முடிஞ்சிருக்கார். மொத்தம் 12 லட்சத்துக்கும் மேல. ஒரு நாளைக்கு 3,000 முடிச்சு போட்டாக்கூட ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். முதல் முயற்சியிலயே ஒருத்தருக்கு இது கைகூடாது. அதனால இந்தக் கலை அந்தக் கம்பளத்தை விட ரொம்பப் பழசுன்னு சொல்றாங்க.

கலரும் அப்படித்தான். 2,400 வருஷம் கழிச்சும் சிவப்பு சிவப்பாவே இருக்கு. 2021ல ஜெர்மனியோட எர்லாங்கன்–நூர்ன்பெர்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அந்தக் கம்பளி இழையை எக்ஸ்-ரே வெச்சுப் பார்த்தாங்க. சாயம் போடறதுக்கு முன்னாடி கம்பளியைப் புளிக்க வெச்சிருக்காங்கன்னு முடிவுக்கு வந்தாங்க. ஆமா, நம்ம இட்லி மாவு மாதிரி. ஒரு வகைப் பூஞ்சை இழையோட செதில்களைத் திறந்து விட, சாயம் உள்ள வரைக்கும் இறங்கியிருக்கு.

இங்கதான் நம்ம கேள்விக்கு முதல் க்ளூ. சாயம் இறங்கணும்னா, முதல்ல கம்பளி வெளிர் நிறமா இருக்கணும்.

இப்ப திருச்சி ஆட்டுக்கு வருவோம்

மறுபடி நம்ம ஊர். திருச்சி, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஒரு ஆட்டினம் இருக்கு. அரசாங்கப் பட்டியல்லயே அதுக்குப் பேர் ‘திருச்சி கருப்பு’. திருச்சி குறும்பைன்னும் சொல்வாங்க. உடம்பு முழுக்கக் கருப்பு. முடி குட்டை, முரடு, அடர்த்தி கம்மி. மெரினோ மாதிரி மெத்துனு இருக்காது.

கருப்புத் துணியை எந்தச் சாயத்துல முக்கினாலும் கருப்பாத்தான் வெளிய வரும். மஞ்சிட்டி போட்டாலும் சரி, மஞ்சள் போட்டாலும் சரி. சிவப்புக் குதிரையும் இல்லை, மஞ்சள் மானும் இல்லை. முரட்டு முடியில மெல்லிசா நூல் நூற்கறதும் கஷ்டம். நூல் தடிமனா இருந்தா உருவம் போட முடியாது. பிக்சல் பெரிசானா படம் உடைஞ்சு போகுமே, அதே கதைதான். வெள்ளைக் கம்பளி கொஞ்சம் கிடைச்சா ஓரத்துல ஒரு கோடு வரும். அதுதான் அந்த நூல் தர்ற இடம்.

தென்னிந்தியாவுல இந்தக் கம்பளியை நெய்தது பெரும்பாலும் ஆடு மேய்க்கிற குறும்பர் சமூகங்கள். ஆட்டுக்கு முடி வெட்டி, வில் மாதிரி ஒரு கருவியால அடிச்சுப் பிரிச்சு, கையால நூற்று, தரையோட தரையா போட்ட தறியில நெய்வாங்க. பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி பூசி விறைப்பாக்குவாங்க. எதுவும் வெளியிலேர்ந்து வாங்க வேண்டியதில்லை. ஆடு அவங்களோடது, புளியமரம் ஊர்ல இருக்கு, கை இருக்கு.

இது சாதாரணத் தொழில் இல்லை. 1898ல சென்னை அருங்காட்சியகத்தோட கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், சென்னை மாகாணத்துக் கம்பளித் தொழிலைப் பத்தி மட்டும் தனியா ஒரு நூல் எழுதி அரசாங்கம் வெளியிட்டிருக்கு. தமிழ்நாடுன்னா பருத்தி, காஞ்சிபுரம்னா பட்டுன்னு நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. கம்பளியை யாரும் சொல்லலை.

அந்தக் கம்பளி என்ன வேலை செஞ்சது தெரியுமா? மழையில தலையில மடிச்சுப் போட்டா குடை. ராத்திரி காட்டுல படுத்தா பாய். பனிக்குப் போர்வை. தானியம் காயப் போட விரிப்பு. பொறந்த குட்டியைச் சுத்தித் தூக்கிட்டு வர ஒரு தொட்டில். கலர் படம் இல்லாததால அதை ‘சிம்பிள்’னு சொல்லிட முடியாது. அது ஒரு ஆளோட வீடு.

யாரோட குதிரை?

ஆனா ஆட்டு முடியை மட்டும் காரணம் சொன்னா அது பாதிப் பதில்தான். வெள்ளை ஆடு தமிழ்நாட்டுல இல்லாமலா போச்சு? கோயம்புத்தூர், மேச்சேரிப் பக்கம் வெளிர் நிற ஆடுகள் உண்டு. நீலகிரி ஆட்டுக்கு நல்ல கம்பளியே உண்டு.

மீதிப் பதில் எனக்கு இப்படித் தோணுது. அல்தாய் மலையில ஆடு மேய்க்கிறவங்க குதிரை மேலதான் வாழ்ந்தாங்க. செத்தா குதிரையோட புதைச்சாங்க. தினமும் பார்க்கறதையே கம்பளியிலயும் வெச்சுக்கிட்டாங்க. பாரசீகத்துல வேட்டைக்குப் போற அரண்மனையே கம்பளத்துக்குப் பணம் கொடுத்தது. ரெண்டு இடத்துலயும் கம்பளியும் குதிரையும் ஒரே உலகத்துல இருந்தது.

நம்ம ஊர்ல அது ரெண்டும் சந்திக்கவே இல்லை. கம்பளி, காலால நடந்து ஆடு மேய்க்கிறவரோடது. குதிரை, கப்பல்ல காசு கொட்டி வாங்கின ராஜாவோடது. ராஜாவுக்குக் குதிரையைக் காட்டணும்னா கல் இருந்தது, கோயில் மண்டபம் இருந்தது. எல்லாரும் வர்ற இடம், அழியாத பொருள். மேய்ப்பருக்குக் குதிரை வீரன் யாரு? வரி கேட்டு வர்றவன், சண்டைக்குப் போற வழியில வயலை மிதிச்சுட்டுப் போறவன். அவனைத் தன் போர்வையில நெஞ்சு யாராவது போத்திக்குவாங்களா? இது என் ஊகம். ஆனா அந்தக் கல் குதிரைக்குக் கீழ உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்ததுலேர்ந்து இந்த எண்ணம் போக மாட்டேங்குது.

உருவம் போடற ஆசை நம்ம துணியில இல்லாமப் போகலை. அது பருத்திக்குப் போச்சு. அரியலூர்ப் பக்கம் கோடாலிக்கருப்பூர், கும்பகோணத்துப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டை. அங்கெல்லாம் கோயிலுக்கும் தேருக்கும் தொங்கவிடற தொம்பை, மேல கட்டற விதானத் துணி எல்லாம் கையால வரைஞ்சு சாயம் போட்டாங்க. சாமி, யாளி, அன்னம், யானை எல்லாம் அதுல உண்டு. கருப்பூர் கலம்காரிக்கு 2021ல புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு.

ஸ்ரீரங்கத்துல குதிரை வீரன் இன்னும் உயிரோடவும் இருக்கார். ராப்பத்து எட்டாம் நாள் வேடுபறி. ஆயிரங்கால் மண்டபத்துக்கு முன்னாடி மணல்வெளியில நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்துல வருவார். தூக்கறவங்க முன்னும் பின்னும் ஓட, நிஜக் குதிரை பாயற மாதிரியே இருக்கும். கொஞ்ச தூரத்துல சேஷராயர் மண்டபத்துக் கல் குதிரைங்க.

தொட்டி இருக்கு, துணி இல்லை

இங்க நான் ஒரு இடத்துல நிதானிக்கணும். “இல்லை”ங்கறதும் “கிடைக்கலை”ங்கறதும் ஒண்ணு இல்லை.

உறையூரை எடுத்துக்கங்க. இன்னைக்கு திருச்சிக்குள்ள ஒரு ஏரியா. சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னாடி எழுதின ‘எரித்ரையக் கடல் பயண நூல்’ங்கிற கிரேக்கக் கையேடு, அர்காருங்கிற ஊர் மஸ்லின் துணியைச் சொல்லுது. அந்த ஊர் உறையூர்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 1960கள்ல சென்னைப் பல்கலைக்கழகம் அங்க அகழாய்வு செஞ்சப்ப, செங்கல்லுல கட்டின சாயத் தொட்டி கிடைச்சது. தொட்டி கிடைச்சது, துணி ஒரு முழம் கூட கிடைக்கலை. நம்ம வெக்கை, மழை, கரையான், பூச்சி. எதுவும் மிச்சம் வைக்காது. இந்தியப் பருத்தித் துணி கிடைச்சது எகிப்துல, பெரெனிகே துறைமுகத்தோட காய்ஞ்ச மண்ணுல.

நம்ம பழக்கமும் ஒரு காரணம். கார்த்திகை மாசக் கைசிக ஏகாதசியில ஸ்ரீரங்கத்துல நம்பெருமாளுக்கு 365 வஸ்திரம் சாத்துவாங்க. நாளுக்கு ஒண்ணுங்கற கணக்கு. துணின்னா நமக்குப் புதுசா சாத்தறது, கட்டறது, கிழியறது, மறுபடி புதுசு. பழசைப் பெட்டியில வெச்சுப் பாதுகாக்கற பொருளா நாம அதைப் பெரிசா நினைச்சதில்லை.

அப்ப எல்லாம் வெயில் மேலயும் கரையான் மேலயும் பழி போட்டுட்டுப் போயிடலாமா? முடியாது. ஜப்பான்ல கியோட்டோவும் ஈரமான ஊர்தான். அங்க ஜூலை மாசம் கியோன் திருவிழாவுல பெரிய பெரிய தேர்கள் வரும். அந்தத் தேர்களோட பக்கங்கள்ல தொங்கறதுல சில கம்பளங்கள் 17, 18ஆம் நூற்றாண்டுல இந்தியாவுல, குறிப்பா தக்காணத்துல நெய்தது. டச்சுக் கப்பல்ல போனது. நம்ம பக்கத்துக் கம்பளம் நம்ம கிட்ட இல்லை, அங்க இருக்கு. ஏன்னா அந்தத் தெருக்காரங்க தலைமுறை தலைமுறையா வருஷத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்து, திருவிழா முடிஞ்சதும் திரும்ப மடிச்சு வெச்சாங்க. பாஸிரிக் கம்பளத்தைப் பனிக்கட்டி காப்பாத்திச்சு. கியோட்டோ கம்பளத்தை மனுஷங்க காப்பாத்தினாங்க.

அந்தப் பெரியவர்

அன்னைக்கு அந்தப் பெரியவர் கிட்டப் பேசினேன். “இந்தக் கம்பளி எங்கய்யா வாங்கினீங்க?”ன்னு கேட்டேன். “வாங்கலை தம்பி, எங்கப்பா போத்தினது”ன்னார். “இப்ப யார் நெய்யறாங்க?”ன்னேன். சிரிச்சார். “இருநூறு ரூவாய்க்குக் கலர் போர்வை கிடைக்குது. அதுல புலி படம்லாம் போட்டிருக்கான். இதை யாரு நெய்வா?”

அவர் சொன்னது உண்மைதான். பானிபட்ல பழைய கம்பளித் துணிகளைக் கிழிச்சு மறுபடி நூலாக்கி நெய்யற மலிவுப் போர்வையும், மில்லு பாலியெஸ்டரும் வந்த பிறகு கைத்தறிக் கம்பளிக்குச் சந்தையே சுருங்கிப் போச்சு. ஆட்டு முடி வெட்டற கூலிக்குக் கூட கட்டாம, அதைக் குப்பையில போடறவங்க இருக்காங்க. கடைசியில நம்ம ஊர்ப் போர்வையிலயும் மிருகப் படம் வந்துடுச்சு, பார்த்தீங்களா? ஆனா அதை நெய்ய யாரோட கையும் தேவைப்படலை.

கல் குதிரை இன்னும் 500 வருஷம் அங்கதான் நிக்கும். அதுக்கு நம்ம உதவி பெரிசாத் தேவையில்லை. இந்தக் கருப்புக் கம்பளிக்குத் தேவை. உங்க வீட்டுப் பரண்ல, பாட்டி பெட்டியில, கிராமத்து வீட்டுத் திண்ணையில ஒண்ணு கிடக்கலாம். தூக்கிப் போடறதுக்கு முன்னாடி நல்ல வெளிச்சத்துல ஒரு படம் எடுங்க. யார் நெஞ்சது, எந்த ஊர், யார் போத்தினதுன்னு வீட்டுப் பெரியவங்க கிட்டக் கேட்டு, ஒரு சீட்டுல எழுதி அதோடயே வையுங்க. வேப்பிலை போட்டு, வருஷத்துக்கு ரெண்டு தடவை நிழல்ல காய வைங்க.

இவ்வளவுதான் இந்த எபிசோட். அடுத்த தடவை ஸ்ரீரங்கம் போனா குதிரையைப் பாருங்க. பக்கத்துல யாராவது கருப்புக் கம்பளி போத்தியிருந்தா, அவர் கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க.